மலர்விழியின் தாலியம் படங்கள்

கைக்குழந்தை பால் குடிக்கும்போது அதன் நெற்றி வியர்க்கிறதா என்று பாருங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் நாலு பேருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என் மகள் மலர்விழிக்கு மூன்று மாதம் ஆனபோது, பால் குடிக்கத் தொடங்கியதும் நெற்றியிலும் உச்சந்தலையிலும் வியர்வை முத்து முத்தாகக் கட்டும். இரண்டு நிமிஷம் குடிப்பாள். வாயை எடுத்துவிட்டு மூச்சு வாங்குவாள். மறுபடி குடிப்பாள். அது சித்திரை மாதம். ஸ்ரீரங்கத்தில் மொட்டைமாடிக்கு நேர் கீழே எங்கள் போர்ஷன். திருச்சி வெயிலில் வியர்க்காத ஜீவன் உண்டா? "ஃபேனுக்கு நேரா வெச்சுக்க" என்றார் என் கணவர். நானும் வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தை வெயிலைத் திட்டியே ஓட்டினோம்.

நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இந்தக் கதை நகராது. என் கணவர் சண்முகம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். கடவுள் இல்லை என்பதில் கறாரானவர். கோயில் மதிலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்க்காத மனிதர் ஸ்ரீரங்கத்தில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள் மலர்விழி. பெயர் அவர் வைத்தது. நான் வேறொரு பெயர் யோசித்து வைத்திருந்தேன், அது சாமி பெயர் என்பதால் தள்ளுபடியாகிவிட்டது.

நாலாம் மாதம் எடை போட்டபோது முந்தின மாதத்தைவிடக் குறைந்திருந்தது. மன்னார்புரத்தில் ஒரு குழந்தை டாக்டர் இருந்தார், அதிகம் பேசாதவர். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் இதயம் அடைத்துக்கொண்டிருந்தது. "ஹார்ட் பெரிசாயிருக்கும்மா. இங்க வெச்சுப் பாக்கிற கேஸ் இல்ல. மெட்ராஸ் போங்க, லெட்டர் தரேன்" என்றார். பெரிய மனசு இருப்பது நல்லது என்று பள்ளியில் எத்தனை கட்டுரைப் போட்டித் தாள் திருத்தியிருப்பேன். பெரிய இதயம் என்றால் களைத்துத் தொய்ந்த இதயம் என்று அன்று தெரிந்தது.

அடுத்து என் அக்காவைச் சொல்ல வேண்டும். அத்தானுக்குக் காந்தி மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம். அக்காவுக்குச் சாதி மதம் பார்த்து வேண்டிக்கொள்ளத் தெரியாது. கோயிலுக்கும் போவாள், மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றுவாள், பள்ளிவாசலில் ஓதியும் வாங்கி வருவாள். செய்தி கேட்ட அன்றே மலர்விழிக்கு ஒரு தாயத்து வாங்கி வந்து கழுத்தில் கட்டிவிட்டாள். சுண்டுவிரல் நுனி அளவு வெள்ளிக் கூடு, உள்ளே எழுத்துப் பொறித்த செப்புத் தகடு சுருட்டி வைத்தது. வேலையிலிருந்து வந்த கணவர் அதைப் பார்த்ததும் சவர பிளேடை எடுத்துக் கயிற்றை அறுத்தார். "புள்ளைக்கு மூச்சு முட்டுது, நீங்க கழுத்துல கயித்தைக் கட்டுறீங்க" என்றார். அக்கா தாயத்தை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுப் போனாள்.

அதை வீசி எறிய எனக்குக் கை வரவில்லை. எனக்கு நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். பயம் இருந்தது. அவருக்குத் தெரியாமல் குழந்தையின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேராக உள்பக்கம் துணியை மடித்து, தாயத்தை உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். முதுகில் நாடா கட்டும் பருத்திச் சட்டை. வெளியே பார்த்தால் ஒட்டுப் போட்ட மாதிரிதான் தெரியும்.

சென்னையில் எங்களைச் சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். எண்பதுகளின் பிற்பாதி அது. அக்காவும் கூட வந்தாள். அவள் பக்கத்து லாட்ஜில் ஸ்டவ் வைத்துச் சமைத்தாள், நானும் குழந்தையும் வார்டில் இருந்தோம், கணவர் இரண்டுக்கும் நடுவே நடந்தார். வார்டில் பதினான்கு தொட்டில். ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு தாய் தரையில். பகலெல்லாம் யாராவது ஒரு குழந்தை அழும், அதை நிறுத்த ஓடுவார்கள். அழுதால் இதயத்துக்கு வேலை கூடும். மற்ற வீடுகளில் குழந்தை அழவில்லை என்று கவலைப்படுவார்கள், எங்களுக்கு அழுதுவிடக் கூடாதே என்று கவலை.

எங்கள் டாக்டர் ஓர் அம்மாள். ஐம்பது வயது இருக்கும். கூரான பேச்சு. ஈசிஜியும் எக்கோவும் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்தார். எக்கோ என்பது ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து இதயத்தைப் படமாகக் காட்டும் கருவி.

"இதயத்தோட இடது அறை சரியா சுருங்கல. ஏன் சுருங்கலன்னு தெரியணும். ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, இதயத் தசைக்கே ரத்தம் குடுக்கற குழாய் பிறவியிலேயே இடம் மாறி முளைச்சிருக்கலாம். அப்படின்னா தசைக்கு நல்ல ரத்தம் போகாது. அதை ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். இன்னொண்ணு, தசையே பழுதாகியிருக்கலாம். அதுக்கு ஆபரேஷன் கிடையாது."

"ரெண்டாவதா இருந்தா?" என்று கேட்டார் கணவர்.

"மருந்து குடுப்போம். சில குழந்தைங்க தேறும். பல குழந்தைங்க தேறாது."

எது என்று காட்டத்தான் தாலியம் சோதனை. புரியும்படி சொல்கிறேன், அது என் தொழில். தாலியம் ஓர் உலோகம். அதில் கதிர் வீசும் வகை ஒன்று உண்டு. அதைத் துளியளவு ரத்தத்தில் ஏற்றினால் இதயத் தசை உறிஞ்சிக்கொள்ளும். ரத்தம் நன்றாகப் போகும் இடத்தில் நிறையப் போய்ச் சேரும், போகாத இடத்தில் சேராது. உள்ளேயிருந்து வரும் கதிரை மேலே நிற்கும் கேமரா புள்ளி புள்ளியாகப் பதிவு செய்யும். நல்ல இதயம் படத்தில் லாடம் மாதிரி வெளிச்சமாகத் தெரியும். ரத்தம் போகாத இடம் கறுப்பாக இருக்கும். நாலு மணி நேரம் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். அப்போதும் கறுப்பாகவே இருந்தால் அந்தத் தசை செத்துவிட்டது. கறுப்பு மறைந்து வெளிச்சமாகியிருந்தால் தசைக்கு உயிர் இருக்கிறது, பட்டினி மட்டும் கிடக்கிறது.

அந்த மருந்து வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வர வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, வியாழக்கிழமை வரும். நாள் ஆக ஆக அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும், எடுத்து வைத்துக் காப்பாற்ற முடியாது. வியாழனன்று குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வியாழன்தான். புதன்கிழமை முழுதும் அவள் நெற்றியில் கை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமரா அறை குளிர்சாதன அறை. படம் எடுப்பவர் நாற்பது வயதுக்காரர், கனத்த கண்ணாடி. ஸ்ரீரங்கம் என்றதும் முகம் மலர்ந்தது. "நமக்குக் காட்டூர்ங்க. இங்க வந்து பதினஞ்சு வருஷமாச்சு, இன்னும் காவேரித் தண்ணி நெனப்பு போகல" என்றார். குழந்தை அசையக் கூடாது என்று தூக்கத்துக்கு ஒரு கசப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினோம். நரம்பு கிடைக்காமல் கையில் இரண்டு தடவை குத்தி, கடைசியில் தலையில் ஏற்றினார்கள். ஊசியைச் சுற்றி ஈயக் கூடு இருந்தது. ஊசி போடுகிறவருக்கு ஈயக் கவசம், என் குழந்தைக்கு உள்ளே கதிர். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காட்டூர்க்காரர் கேட்டார். "நகை, கயிறு, ஊக்கு எல்லாம் கழட்டிட்டீங்களாம்மா? துணி இருந்தாப் பரவால்ல, ரூம் ஜில்லுன்னு இருக்கு. உலோகம் ஒண்ணும் இருக்கக் கூடாது."

"கழட்டியாச்சுங்க" என்றேன்.

பொய். கணவர் என் பக்கத்தில் நின்றார். வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில்தான் கொடுத்திருந்தேன். இப்போது சட்டையைப் பிரித்தால் குட்டு வெளிப்படும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் படிப்பு. இந்த ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்த எக்ஸ்ரேக்கு அந்தச் சட்டையை நானே கழற்றினேன். அங்கே கதிர் வெளியிலிருந்து போகிறது, உலோகம் மறைக்கும். இது மருந்தைத்தானே படம் பிடிக்கிறது, மேலே கிடக்கும் ஒரு துண்டு வெள்ளி என்ன செய்துவிடப் போகிறது என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். கதிர் உள்ளேயிருந்து புறப்பட்டாலும் கேமராவுக்குப் போகிற வழியில் அந்த வெள்ளியைக் கடந்துதான் ஆக வேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. எட்டாம் வகுப்புக்கு ஒளியும் நிழலும் நடத்துகிறவள் நான்.

மூன்று கோணத்தில் படம் எடுத்தார்கள். வார்டுக்குத் திரும்பியதும் மலர்விழி தூக்கத்திலேயே சட்டையெல்லாம் நனைத்துவிட்டாள். மாற்றுச் சட்டை போட்டேன். நாலு மணி நேரம் கழித்து, அந்த மாற்றுச் சட்டையோடுதான் மறுபடி கேமராவுக்குக் கீழே கிடத்தினோம். இதில் எந்தத் திட்டமும் இல்லை. குழந்தை நனைத்தாள், நான் மாற்றினேன்.

மறுநாள் காலை டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். வெளிச்சப் பெட்டியில் படங்களைச் செருகினார்.

"பாருங்க. இடது ஓரத்துல இந்தக் கறுப்பு. ரத்தம் போகல. ஒரு கோணத்துல நல்லாத் தெரியுது, மத்ததுல கொஞ்சம் சந்தேகம். ஆனா சாயங்காலப் படத்தைப் பாருங்க, அந்த எடமே தெரியல. நெரம்பிடுச்சு. உயிருள்ள தசை. குழாய்தான் இடம் மாறியிருக்கணும். இது நல்ல செய்தி."

அந்த வார்த்தை கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது. கணவர் சத்தமாகச் சிரித்தார், உடனே வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்தது குழாய் சோதனை என்றார் டாக்டர். தொடையிலிருந்து மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியாக இதயம் வரை செலுத்தி, சாயம் விட்டுப் படம் எடுப்பார்கள். உறுதியானால் ஆபரேஷன். "குழாய் சோதனையே இவளுக்கு ஆபத்துதான். இவ்வளவு பலவீனமான குழந்தைய அதுக்குக் கொண்டுபோக நாங்க யோசிப்போம். ஆனா இந்தப் படத்துக்கப்புறம் யோசிக்க வேணாம். திங்கக்கிழம வெச்சுக்கலாம்." கணவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். வழியில் நர்ஸுகளுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார். அக்கா லாட்ஜில் சேமியா பாயசம் வைத்தாள்.

அன்று சாயங்காலம் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வார்டுக்குப் பின்னால் இருந்த குழாயடியில் துணி துவைத்தேன். வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுக் கசக்கும்போது கையில் கட்டியாகத் தட்டுப்பட்டது. அதை மறந்தே போயிருந்தேன். விரலால் தடவினேன். இடது பக்கம், நெஞ்சுக்கு நேராக, சுண்டுவிரல் நுனி அளவு. காலையில் வெளிச்சப் பெட்டியில் பார்த்த கறுப்பு அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. முதல் படத்தில் இருந்தது. சாயங்காலப் படத்தில் இல்லை. தசை நிரம்பவில்லை. நான் சட்டையை மாற்றினேன்.

குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் வாளியோடு நின்ற அம்மாள், "என்னங்க, முடிஞ்சுதா?" என்று அதட்டிய பிறகுதான் எழுந்தேன்.

வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு காலை வரை நான் வாயைத் திறக்கவில்லை. அதை அப்படியே எழுதிவிடுகிறேன், யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவேளை கறுப்பு உண்மையாகவே இருக்கலாம், தாயத்து அதன் மேல் தற்செயலாகக் கிடந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் ஆபரேஷன் போய்விடும், குழந்தையை அதோடு கைகழுவி விடுவார்கள் என்று நினைத்தேன். கணவர் என்ன சொல்வார் என்றும் நினைத்தேன். அவர் அந்த இரண்டு நாளும் மலர்விழியை மடியில் வைத்துக்கொண்டு, "பெரிய பொண்ணாயி அப்பாவுக்கு இந்தத் தழும்பைக் காட்டிச் சண்டை போடுவியாடா?" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். இன்னும் வராத தழும்பு. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் டம்ளர் கழுவினேன்.

ஞாயிறு காலை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். இளைஞர். குழந்தையின் மார்பை வெகு நேரம் கேட்டார். எங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "ரொம்ப வீக்கா இருக்கா. டேபிள்லயே ஏதாவது ஆகலாம், அதை மறைக்க விரும்பல. ஆனா காரணம் உறுதியாத் தெரிஞ்சுட்டதால ரிஸ்க் எடுக்கறோம்" என்றார்.

உறுதியாகத் தெரிந்துவிட்டதாம்.

"உறுதி இல்லீங்க" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையிலிருந்து சட்டையை எடுத்து, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, தாயத்தை டாக்டர் கையில் வைத்தேன். "மொதல் படம் எடுக்கறப்ப இது அவ நெஞ்சு மேல இருந்துச்சு. ரெண்டாவது படத்துக்கு இல்ல. சட்டை மாத்திட்டேன்."

டாக்டர் அதை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். ஸ்கேலை எடுத்துத் தாயத்தை அளந்தார், கறுப்பை அளந்தார். கோணத்துக்குக் கோணம் கறுப்பு ஏன் இடம் மாறித் தெரிந்தது என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். ஸ்கேலை மேஜை மேல் போட்டார்.

"நீங்க சயின்ஸ் டீச்சர்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாங்க."

"எத்தனை வருஷமா?"

"பத்து."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படத்தை உருவிக்கொண்டே, "நாளைக்கு வேணாம். வர்ற வியாழன் மருந்து வந்ததும் மறுபடி எடுப்போம். நானும் தப்புப் பண்ணியிருக்கேன், மத்த கோணத்துல சந்தேகம் வந்தப்பவே குழந்தை மேல என்ன இருந்துச்சுன்னு கேட்டிருக்கணும். ஆசை கண்ணை மறைச்சிடுச்சு" என்றார். ஒரு டாக்டர் இப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"வெள்ளிக்கிழம."

"ரெண்டு நாளா நான் சிரிச்சிட்டிருந்தேன் கோமதி. நீ பாத்துட்டிருந்தியா?"

அவர் லாட்ஜுக்குப் போய்விட்டார். அக்கா என்னிடம் வந்து, "நான்தான்டி கொண்டாந்து கட்டுனேன், என்னைத் திட்டச் சொல்லு" என்று அழுதாள். அன்றிலிருந்து கணவர் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார், ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் வைப்பார், என் புடவையைக்கூட உலர்த்திக் கொண்டுவருவார். பேச மட்டும் மாட்டார்.

இரண்டாவது வியாழக்கிழமை. குழந்தைக்கு மேலே ஒரு நூல்கூட இல்லை. உடம்பு நடுங்காமல் இருக்க, கால் பக்கம் மட்டும் ஒரு போர்வை. காட்டூர்க்காரர் என்னிடம் பழைய கேள்வியைக் கேட்கவில்லை, தாமே தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டார். கேமரா கீழே இறங்கியது. நான் சுவரோரமாக நின்றேன். அங்கே நின்று நான் வேண்டிக்கொண்டதை எழுதக் கை கூசுகிறது. என் குழந்தையின் இதயத்தில் கறுப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மூலை பட்டினி கிடக்கட்டும், ஒரு குழாய் இடம் மாறியிருக்கட்டும், வெட்டித் தைக்கிற மாதிரி ஒரு குறை இருக்கட்டும். பெற்ற பிள்ளைக்கு ஊனம் கேட்டு வேண்டிய தாய் நான். எதிர்ச் சுவரோரமாகக் கணவர் நின்றார். அவருக்கு வேண்டிக்கொள்ள ஆள் இல்லை. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுக்கும் நேரம் போன வாரத்தைவிட நீண்டது. ஒவ்வொரு கோணமும் முடிந்த பிறகு காட்டூர்க்காரர் மறுபடி ஒரு தடவை எடுத்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. முடிவு சொல்ல அவருக்கு அனுமதி கிடையாது. சாயங்காலப் படமும் முடிந்ததும் குழந்தையைத் தாமே துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "பசியா இருக்கும். பாலைக் குடுங்கம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

இதயம் முழுவதும் ஒரே மங்கல். லாடத்தின் எந்தப் பக்கமும் கறுப்பு இல்லை, எந்தப் பக்கமும் நல்ல வெளிச்சமும் இல்லை. குழாயில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை, தசைதான் பழுது என்றார் டாக்டர். ஏதோ ஒரு காய்ச்சல் கிருமி வந்து தாக்கியிருக்கலாம், பிறவியாகவும் இருக்கலாம், சொல்ல முடியாது. இதயத்துக்கு வலுவூட்டும் சொட்டு மருந்து, நீரை வடிக்கும் மருந்து, இரண்டையும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். அழைத்துப் போகலாம் என்ற வார்த்தை அத்தனை கொடூரமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பகல் ரயிலில் திரும்பினோம். விழுப்புரம் தாண்டும்வரை கணவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அக்கா குழந்தையோடு எதிர் சீட்டில் தூங்கிப்போயிருந்தாள். அப்போது, அந்த ஞாயிறு முதல் சேர்த்துவைத்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம். தெறந்து பாத்திருப்பாங்க. படத்துல தெரியாதது நேர்ல தெரிஞ்சிருக்கலாம் இல்ல? ஒரு வழி இருந்துச்சு. அதையும் மூடிட்ட."

ஒரு தகடு உயிரைக் காக்கும் என்று அக்கா நம்பினாள், ஒரு கத்தி காக்கும் என்று அவர் நம்பினார். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. "திங்கக்கிழமயே போயிருப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். சொட்டு மருந்து கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நாடி எண்ண வேண்டும், குறைந்திருந்தால் கொடுக்கக் கூடாது. கணவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வார், நான் எண்ணுவேன். எங்களுக்குள் இருந்த பேச்சு பெரும்பாலும் அந்த எண்கள்தான். தலைமையாசிரியை எனக்குக் காலை வகுப்புகளே போடாமல் பார்த்துக்கொண்டார். கீழ்ப் போர்ஷன்காரர்கள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள், நாங்கள் கேட்கவேயில்லை. அக்கா தினமும் மார்க்கெட்டிலிருந்து பஸ் ஏறி வந்து துணி துவைத்துப் போட்டுவிட்டு, எதுவும் வேண்டிக்கொள்ளாமல் திரும்பிப் போவாள்.

மலர்விழிக்கு உட்கார வரவில்லை. ஆனால் ஆள் தெரிந்தது. அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் தலை திரும்பும். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் அவர் தும்மினார், அதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். மூச்சு இரைத்தது, இருந்தாலும் சிரித்தாள். அவர் அதன் பிறகு தினமும் பொய்த் தும்மல் போட்டார். அதிகம் சிரிக்கவைத்தால் களைத்துப்போவாளே என்று பயம், சிரிக்காவிட்டால் மனசு கேட்காது. ஒரு நாளைக்கு இரண்டு தும்மல் என்று வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் மாதம், ஐப்பசி மழையில் சளி பிடித்தது. மூன்று நாள். மன்னார்புரத்து டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்றார். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தவள் வாயை எடுத்தாள். மூச்சு வாங்கத்தான் எடுக்கிறாள் என்று காத்திருந்தேன். மறுபடி குடிக்கவில்லை.

குளிப்பாட்ட அக்கா வெந்நீர் வைத்தாள். குழந்தைக்கு வெந்நீர்தான் வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் காலை நீட்டி உட்கார்ந்து, தினமும் போல அவளை என் கால்மேல் கிடத்திக்கொண்டேன். கணவர் சொம்பில் மொண்டு ஊற்றினார். கழுத்து, கை, வயிறு. மார்பில் ஊற்றும்போது அவர் கை நின்றது. சொம்பைக் கீழே வைத்தார். உள்ளங்கையால் அவள் நெஞ்சை மேலிருந்து கீழாக ஒரு முறை தடவினார். ஒரு கீறல் இல்லை, ஒரு தையல் இல்லை, பிறந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

"நல்லவேளை கோமதி, சொல்லிட்ட" என்றார்.

அப்புறம்தான் அழுதார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் மிச்சத் தண்ணீரை ஊற்றி முடித்தேன்.

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதாது. அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக அவரோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.